40, 80, 160 மீட்டர் பட்டைகளில் குரலும் மோர்ஸும் டிஜிட்டலும்: இடையூறின்றிப் பகிர்ந்துகொள்ள ஒரு வழிகாட்டி

உரிமம் பெற்ற ஆர்வலர்கள் பொழுதுபோக்காக இயக்கும் ஹாம் (அமெச்சூர்) வானொலியில் தாழ் அலைவெண் பட்டைகள் என்று நாம் சொல்வது பெரும்பாலும் 160, 80, 40 மீட்டர் பட்டைகளைத்தான். இந்திய உரிமத்தில் இவற்றில் நமக்குக் கிடைப்பவை 1820 முதல் 1860 வரை, 3500 முதல் 3700 வரை, 3890 முதல் 3900 வரையிலான ஒரு சிறு துண்டு, 7000 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ் வரை. 10 மீட்டர் பட்டை மட்டும் 1700 கிலோஹெர்ட்ஸ் அகலம் கொண்டது என்பதை நினைத்துப் பார்த்தால், இங்கே இடம் எவ்வளவு குறைவு என்பது விளங்கும். ஒரு குரல் நிலையத்துக்கு மூன்று கிலோஹெர்ட்ஸ் என்று கணக்கிட்டால், 40 மீட்டர் முழுவதையும் குரலுக்கே கொடுத்தாலும் அறுபத்தாறு உரையாடல்களுக்கு மேல் அதில் நடக்க முடியாது. 160 மீட்டரில் பதின்மூன்றோடு நின்றுவிடும். இந்த இடத்துக்குள்தான் மோர்ஸ், ஒற்றைப் பக்கப்பட்டைக் குரல், ஆர்டிடிஒய், எஃப்டி8, எஃப்டி4, டபிள்யூஎஸ்பிஆர் ஆகிய டிஜிட்டல் முறைகள், படம் அனுப்பும் எஸ்எஸ்டிவி என அனைத்தும் வாழ வேண்டியிருக்கிறது.

40 மீட்டரின் மேல்பாதி நமக்கு அண்மையில் கிடைத்ததுதான். 2003ஆம் ஆண்டின் உலக வானொலி மாநாட்டு முடிவின்படி, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய பகுதிகளில் 7100 முதல் 7200 வரை இயங்கிய ஒலிபரப்பு நிலையங்கள் 2009 மார்ச் 29 அன்று அங்கிருந்து விலகிய பிறகே அந்த 100 கிலோஹெர்ட்ஸ் அமெச்சூர்களுக்கு முழுமையாக வந்து சேர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் இதில் பாதி இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தோம் என்பதை இன்றைய புதியவர்கள் அறிந்திருப்பது நல்லது. அப்படிக் கிடைத்த இடத்தைக் கவனக்குறைவால் வீணாக்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எந்த முறை எந்த இடத்தில் இயங்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்விக்கு நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது. அமெரிக்காவில் அதை அரசு விதியே வரையறுக்கிறது; அங்குள்ள பெருநிலப்பரப்பு நிலையங்கள் 40 மீட்டரில் 7125க்குக் கீழே குரலில் பேச முடியாது. நம்முடைய பகுதியில் சட்டம் பட்டையின் எல்லைகளையும், உரிம வகைக்கு ஏற்ற திறனையும், அனுமதிக்கப்பட்ட அலைபரப்பு முறைகளையும் சொல்கிறதே தவிர, உள்ளே இருக்கும் பங்கீடு உலக அமெச்சூர் வானொலி ஒன்றியத்தின் பட்டைத் திட்டத்தைச் சார்ந்தது. உலகை மூன்று பகுதிகளாகப் பிரித்ததில் இந்தியாவும் இலங்கையும் மலேசியாவும் சிங்கப்பூரும் மூன்றாம் பகுதியில் வருகின்றன. அந்தத் திட்டம் ஓர் உடன்பாடு. அதை மீறினால் அபராதம் விதிக்க யாரும் வரமாட்டார்கள். ஆகையால் அது நிலைத்திருப்பது ஒவ்வொரு நிலையத்தாரின் கவனத்தைப் பொறுத்தே இருக்கிறது.

டயலில் தெரியும் எண்ணும் சிக்னல் இருக்கும் இடமும்

நான் கேட்ட அளவில், முறைகளுக்கிடையே ஏற்படும் மோதல்களில் பெரும்பாலானவை கெட்ட எண்ணத்தால் நிகழ்வதில்லை. தம்முடைய சிக்னல் உண்மையில் எந்த இடத்தில், எவ்வளவு அகலத்தில் இருக்கிறது என்பதை இயக்குபவர் கணக்கிடாததால்தான் நிகழ்கின்றன. எனவே முதலில் இந்தக் கணக்கை மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும்.

10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே குரலுக்குக் கீழ்ப் பக்கப்பட்டையை, அதாவது எல்எஸ்பியைப் பயன்படுத்துவது மரபு. அதில் உங்கள் குரல் டயல் எண்ணுக்குக் கீழே ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸில் தொடங்கி 2700 ஹெர்ட்ஸ் வரை பரவுகிறது. டயலில் 7090 என்றிருந்தால் உங்கள் குரல் உண்மையில் 7087.3 முதல் 7089.7 வரை இருக்கிறது. 7090இல் எதுவுமே இல்லை. டிஜிட்டல் முறைகளோ தாழ் பட்டைகளிலும் மேல் பக்கப்பட்டையான யுஎஸ்பியையே பயன்படுத்துகின்றன. அவற்றின் சிக்னல் டயல் எண்ணுக்கு மேலே இருக்கிறது. ஒருவர் கீழ்நோக்கியும் மற்றவர் மேல்நோக்கியும் பரவுவதால், டயல் எண்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து இடைவெளி இருப்பதாக நினைத்துக்கொள்ளும் தவறு மிக எளிதாக நேர்ந்துவிடுகிறது.

எடுத்துக்காட்டாக, 40 மீட்டரில் எஃப்டி8இன் டயல் எண் 7074. அதன் சிக்னல்கள் 7074 முதல் 7077 வரை நிறைந்திருக்கும். மாலையில் ஒரு குரல் நிலையத்தார் டயலைச் சுழற்றி, 7074ஐத் தாண்டி நான்கு கிலோஹெர்ட்ஸ் தள்ளி வந்துவிட்டோம் என்று எண்ணி 7078இல் அழைக்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய குரல் 7075.3 முதல் 7077.7 வரை, எஃப்டி8 கூட்டத்தின் மேல் நேராகப் போய் விழுகிறது. அவருக்குப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை தொடங்கி நிற்கும் விசில் கூட்டம் கேட்கிறது. எஃப்டி8 நிலையத்தாரின் கணினியில் சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரையில் மெல்லிய கோடுகளுக்கு நடுவே குரலின் அகன்ற திட்டுகள் எழுந்து, திரையில் வந்துகொண்டிருந்த அழைப்புக்குறிகள் பாதிக்கு மேல் மறைந்துபோகின்றன. மற்றவர்தான் தன் இடத்துக்குள் நுழைந்துவிட்டார் என்று இருவருமே நம்புகிறார்கள். இதைத் தவிர்க்க எல்எஸ்பியில் பேசுபவர் டயலை 7074இல் அல்லது அதற்குக் கீழே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் 7080க்கு மேலே போக வேண்டும். 7078இல் ஜேஎஸ்8 என்ற இன்னொரு டிஜிட்டல் முறையினரும் இருப்பதால், நான் பரிந்துரைப்பது 7084.

இதே கணக்கு எஃப்டி4க்கும் பொருந்தும். அதன் டயல் எண் 7047.5, சிக்னல்கள் 7050.5 வரை நீள்கின்றன. 7050 என்ற முழு எண் குரலில் பேசுபவர்களுக்குப் பிடித்தமானது, ஆனால் அங்கே பேசும் குரல் 7047.3 முதல் 7049.7 வரை பரவி, எஃப்டி4இன் இடத்தை ஏறக்குறைய முழுவதுமாக மூடிவிடுகிறது. 7054க்கு நகர்ந்தால் இருவருக்கும் தொல்லையில்லை. 80 மீட்டரில் எஃப்டி8 3573, எஃப்டி4 3575. 160 மீட்டரில் எஃப்டி8 1840. இந்த எண்களை ஒரு சிறு அட்டையில் எழுதி டிரான்ஸீவருக்கு (அனுப்பவும் பெறவும் பயன்படும் கருவிக்கு) அருகே ஒட்டி வைத்தால், ஒவ்வொரு முறையும் நினைவைச் சோதிக்க வேண்டியதில்லை.

அகலத்தைப் பொறுத்தவரை, மோர்ஸ் சிக்னல் வேகத்துக்கு ஏற்ப நூறு, நூற்றைம்பது ஹெர்ட்ஸ் அளவில் நிற்கிறது. எஃப்டி8 வெறும் 50 ஹெர்ட்ஸ். ஆர்டிடிஒய் முந்நூறுக்கு அருகில். டபிள்யூஎஸ்பிஆர் 6 ஹெர்ட்ஸ் மட்டுமே. ஒரு குரல் எடுத்துக்கொள்ளும் இடத்தில் பத்து மோர்ஸ் உரையாடல்கள் வசதியாக நடக்கலாம். பட்டைத் திட்டங்கள் கீழ் முனையை மோர்ஸுக்கும், அதற்கு மேலே குறுகிய டிஜிட்டல் முறைகளுக்கும், பிறகு குரலுக்கும் கொடுத்திருப்பதன் அடிப்படை இதுதான்: ஒத்த அகலம் உடையவை அருகருகே இருந்தால் ஒன்றையொன்று குறைவாகவே கெடுக்கும். பழைய குரல் முறையான ஏஎம்முக்கு ஆறு கிலோஹெர்ட்ஸ் தேவைப்படுவதால், நெரிசலான மாலை வேளையில் 40 மீட்டரில் அதைப் பயன்படுத்தாமலிருப்பதே நல்லது என்று நான் கருதுகிறேன்.

பட்டையின் விளிம்பையும் இதே கணக்கோடு பார்க்க வேண்டும். 3502இல் எல்எஸ்பி வைத்தால் சிக்னலின் அடிப்பகுதி 3499.3இல், நமக்கு உரிமமில்லாத இடத்தில் இருக்கும். அது மட்டுமின்றி, 3500 முதல் 3510 வரையிலான பகுதி கண்டங்களுக்கிடையிலான மோர்ஸ் தொடர்புக்கென்று ஒதுக்கப்படுவது. அங்கே உள்ளூர் உரையாடல் எந்த முறையில் நடந்தாலும் பொருத்தமில்லை.

அழைப்பதற்கு முன் கேட்பது

கேட்பது என்றால் சில விநாடி காதைக் கொடுத்துவிட்டுப் பேசத் தொடங்குவது அல்ல. உரையாடலில் உங்களுக்குக் கேட்கும் நிலையம் அப்போது எதிர்முனையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்; எதிர்முனை உங்களுக்குக் கேட்காத தொலைவில் இருக்கலாம். எனவே ஒரு நிமிடமாவது கேட்டுவிட்டு, மோர்ஸில் என்றால் இந்த இடம் பயன்பாட்டில் உள்ளதா என்று கேட்கும் ‘கியூஆர்எல்’ என்ற குறியீட்டைக் கேள்விக்குறியோடு அனுப்பி, சற்றுப் பொறுத்து மீண்டும் ஒருமுறை அனுப்ப வேண்டும். குரலில் என்றால் அழைப்புக்குறியைச் சொல்லி, இந்த அலைவெண் பயன்பாட்டில் உள்ளதா என்று இருமுறை கேட்க வேண்டும். நம் பகுதியில் தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில் கேட்டாலும் பதில் வரும். இரவில் தொலைநாட்டு நிலையங்கள் கேட்கும் வேளையில் ஆங்கிலத்திலும் ஒருமுறை கேட்பது மரியாதை.

குரலில் கேட்ட கேள்விக்குப் பதிலாகச் சில நேரம் மோர்ஸ் ஒலி ஒன்று வரக்கூடும். அந்த மோர்ஸ் உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் அதை ‘ஆம்’ என்றே எடுத்துக்கொண்டு நகர வேண்டும். அதேபோல் மோர்ஸ் இயக்குபவர் தன் 500 ஹெர்ட்ஸ் வடிகட்டியை விரித்து, சுற்றிலும் மூன்று கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் கேட்டுவிட்டே அழைக்க வேண்டும். குறுகிய வடிகட்டிக்குள் அமைதியாகத் தெரியும் இடம் ஒருவருடைய குரலின் நடுப்பகுதியாக இருக்கலாம்.

காதால் மட்டும் முடிவு செய்யக்கூடாத இடங்கள் சில உண்டு. டபிள்யூஎஸ்பிஆர் சிக்னல்கள் இரண்டு நிமிடம் நீடிக்கும். இரைச்சலுக்கு மிகக் கீழே, மனிதக் காதுக்கு எட்டாத அளவிலும் கணினி அவற்றைப் படித்துவிடும். 40 மீட்டரில் 7040.0 முதல் 7040.2 வரையும், 80 மீட்டரில் 3570.0 முதல் 3570.2 வரையும், 160 மீட்டரில் 1838.0 முதல் 1838.2 வரையும் அவை இருக்கின்றன. வெறும் 200 ஹெர்ட்ஸ்தான். அங்கே எதுவும் கேட்கவில்லை என்பதால் யாரும் இல்லை என்று பொருளாகாது. மோர்ஸ் இயக்குபவர்கள் அந்தச் சிறு சாளரத்தை விட்டு அரை கிலோஹெர்ட்ஸ் விலகி நின்றால் போதும்.

எஃப்டி8 இயக்குபவரின் கடமை வேறு வகையானது. அங்கே யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. திரையைப் பார்த்து வெற்று இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் அங்கே கேட்பதற்கு ஈடானது. குறைந்தது இரண்டு சுழற்சிகளைப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒற்றைப்படைச் சுழற்சியில் காலியாகத் தெரியும் இடம் இரட்டைப்படையில் நிறைந்திருக்கக்கூடும். கணினியின் கடிகாரம் இணைய நேரத்தோடு ஒரு விநாடிக்கும் குறைவான வேறுபாட்டில் ஒத்துப்போக வேண்டும். கடிகாரம் பிசகிய நிலையம் இரண்டு சுழற்சிகளிலும் சிந்தி அனைவரையும் தொல்லைப்படுத்துகிறது. மேலும், 7074இல் இடம் நிரம்பிவிட்டது என்பதற்காக மூன்று கிலோஹெர்ட்ஸைத் தாண்டி மேலே பரவுவது சரியல்ல. ஒரு முறைக்குப் பழக்கத்தால் வாய்த்த இடம் அதற்குச் சொந்தமான நிலம் ஆகிவிடாது.

சிக்னலைத் தன் இடத்துக்குள் நிறுத்துவது

இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகும், சிக்னல் அழுக்காக இருந்தால் எல்லாம் வீண். பெரும்பாலான வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன; ஆனால் முறைகளுக்கிடையிலான சச்சரவுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது என்பது என் கருத்து.

டிஜிட்டல் முறையில் கணினியின் ஒலி டிரான்ஸீவருக்குள் அளவுக்கு மேல் சென்றால், 800 ஹெர்ட்ஸில் அனுப்பும் ஒலி 1600இலும் 2400இலும் தன் நிழல்களைப் போட்டு, ஒரே நிலையம் மூன்று இடங்களை அடைத்துக்கொள்ளும். இதற்கு மருந்து எளிது. டிரான்ஸீவரின் குரல் அழுத்தியை அணைத்துவிடுங்கள். பிறகு ஒலியளவை முழுவதும் குறைத்துவிட்டுச் சிறிது சிறிதாக ஏற்றி, அளவு மீறுவதைக் காட்டும் ஏஎல்சி முள் அசையத் தொடங்கும் புள்ளிக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். ஒலி அலைவெண்ணை 1500 முதல் 2000 ஹெர்ட்ஸுக்குள் வைத்துக்கொண்டால், அதன் இரண்டாம் மடங்கு 3000க்கு அப்பால் போய் டிரான்ஸீவரின் வடிகட்டியிலேயே நின்றுவிடும். எஃப்டி8க்குப் பயன்படும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளில் ஸ்பிளிட் அமைப்பை இயக்கினால் அதுவே டயலை நகர்த்தி இந்த எல்லைக்குள் ஒலியை வைத்துக்கொள்கிறது. எஃப்டி8, 2500 ஹெர்ட்ஸ் அகலத்தில் அளந்த இரைச்சலுக்கு இருபது டெசிபல் கீழேயும் படிக்கப்படும் முறை. சென்னையிலிருந்து மதுரைக்குப் பேசுவதற்கு அதில் நூறு வாட் எந்த வகையிலும் தேவையில்லை. பத்து வாட்டில் தொடங்கி, பதில் வராதபோது மட்டும் உயர்த்துவதே முறை.

குரலில், மைக் அளவும் அழுத்தியும் சேர்ந்து உயரும்போது குரல் இரு பக்கமும் தெறிக்கிறது. அருகிலுள்ள நண்பர் ஒருவரை உங்கள் டயலுக்கு மேலே நான்கு கிலோஹெர்ட்ஸிலும், கீழே நான்கு கிலோஹெர்ட்ஸிலும் தம் டயலை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே சொற்களின் அழுத்தத்தோடு சரசரவென்ற ஒலி அவருக்குக் கேட்டால், தெளிவாகும்வரை மைக் அளவைக் குறையுங்கள். மோர்ஸில் விசையை அழுத்தும்போது சிக்னல் எழும் நேரம் ஐந்து மில்லிவிநாடி அளவில் இருந்தால் விளிம்புகள் மென்மையாக இருக்கும்; இரண்டுக்குக் கீழே போனால் ‘கிளிக்’ ஒலிகள் நெடுந்தொலைவு பரவும். பல டிரான்ஸீவர்களின் பட்டியலில் இதை மாற்றும் வசதி உண்டு.

நம் நாட்டில் தாமே கட்டிய டிரான்ஸீவர்களோடு 40 மீட்டரில் இயங்குபவர்கள் ஏராளம். ஐதராபாத்தின் அஷார் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வரிசை அதற்குப் பெரிதும் காரணமாக அமைந்தது. தாமே சுருள் சுற்றிக் கட்டிய அலையாக்கி (அலைவெண்ணை உருவாக்கும் சுற்று) உள்ள கருவியில், இயக்கிய முதல் சில நிமிடங்களில் அலைவெண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். கருவி சூடேறி நிலைபெறும் வரை அலைபரப்பாமல் கேட்டுக்கொண்டிருங்கள். டிஜிட்டல் பகுதிக்கு ஐந்து கிலோஹெர்ட்ஸுக்குள் வராதீர்கள். எண்முறை அலையாக்கிக்கு மாறினால் இந்தக் கவலை பெரிதும் குறைகிறது.

பெறுபவரின் பக்கத்திலும் செய்ய வேண்டியது உண்டு. தாழ் பட்டைகளில் வானத்து இரைச்சலே மிகுதி என்பதால், ரிசீவரில் சிக்னலின் வலுவைப் பத்து, இருபது டெசிபல் தணிக்கும் குறைப்பானைப் போட்டாலும் கேட்கும் திறன் கெடுவதில்லை. மாறாகப் பக்கத்து வலுவான நிலையம் ரிசீவரின் தானியங்கிக் கட்டுப்பாட்டைப் பிடித்திழுத்து அமுக்குவது குறைகிறது. அடுத்தவர்மேல் குறை சொல்லும் முன் இதைச் செய்து பார்ப்பது நியாயம்.

பகலும் இரவும்

பகலில் வளிமண்டலத்தின் டி அடுக்கு தாழ் அலைவெண்களை உறிஞ்சிவிடுவதால், 40 மீட்டரில் சில நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள்ளும், 80 மீட்டரில் அதைவிடக் குறுகிய வட்டத்துக்குள்ளும் மட்டுமே தொடர்பு நிகழ்கிறது. காலையில் 7090இல் திருச்சியும் கோவையும் பேசிக்கொள்வது இந்தோனேசியாவில் எவருக்கும் தெரியாது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்து, அதே ஐம்பது வாட் பல ஆயிரம் கிலோமீட்டர் செல்கிறது. இரவில் ஒரு நிலையம் எடுத்துக்கொள்ளும் இடம் பகலைவிடப் பல மடங்கு பெரியது என்றே எண்ண வேண்டும். உள்ளூர்ப் பேச்சைப் பகலில் வைத்துக்கொண்டு, இரவில் மேல் முனையான 7175 முதல் 7200 வரையிலான பகுதியைத் தொலைநாட்டுத் தொடர்புக்கு விட்டுவைப்பது நல்ல பழக்கம். அமெரிக்க நிலையங்களோடு குரலில் ஒரே அலைவெண்ணில் பேச முடிவது 7125க்கு மேலேதான் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

நள்ளிரவுக்குப் பின், குறிப்பாகச் சூரியப் புள்ளிகள் குறைந்த ஆண்டுகளில், இன்னொரு சிக்கலும் எழுகிறது. 40 மீட்டரில் அருகிலுள்ள நிலையங்கள் ஒன்றுக்கொன்று கேட்காமல் போய், தொலைவில் உள்ளவை மட்டும் கேட்கும். நூறு கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இருவர் ஒரே அலைவெண்ணில் தத்தம் நண்பர்களோடு பேசிக்கொண்டிருக்க, இருவரையும் ஒருசேரக் கேட்டுத் திண்டாடுபவர் டெல்லியில் இருப்பார். அவர் நகரச் சொன்னால் வாதிடாமல் நகர்ந்துவிடுங்கள். உங்களுக்குக் கேட்காதது அவருக்குக் கேட்கிறது.

போட்டிகளும் கூட்டமும்

அக்டோபர் இறுதியில் குரலுக்கும், நவம்பர் இறுதியில் மோர்ஸுக்கும், செப்டம்பர் இறுதியில் ஆர்டிடிஒய்க்கும் நடக்கும் சிகியூ உலகப் போட்டிகளின்போது 40 மீட்டர் முழுக்க நிரம்பிவிடும். போட்டியில் கலந்துகொள்ளாதவர்கள் 30 மீட்டருக்குப் போகலாம். அங்கே போட்டிகள் நடத்துவதில்லை, குரலும் இல்லை, மோர்ஸும் டிஜிட்டலும் மட்டுமே. போட்டியில் ஈடுபடுபவர் பட்டைத் திட்டம் குரலுக்கு வைத்த எல்லைக்குக் கீழே இறங்கி மோர்ஸ் பகுதியில் குரலெழுப்புவதற்குப் போட்டி ஒரு காரணமாகாது.

அரிய நாட்டு நிலையம் ஒன்று ஓர் அலைவெண்ணில் அனுப்பி வேறு அலைவெண்ணில் கேட்கும்போது, அழைப்பவர்களின் கூட்டம் ஐந்து, பத்து கிலோஹெர்ட்ஸுக்குப் பரவிவிடுகிறது. கேட்கும் பரப்பைக் குறுக்கி, அது 7074 போன்ற இடங்களின் மேல் விழாதபடி அமைப்பது அந்த நிலையத்தாரின் பொறுப்பு. எஃப்டி8இல் இப்படிப் பலரை ஒரே நேரத்தில் அழைக்கும் சிறப்பு முறையை வழக்கமான எஃப்டி8 அலைவெண்களில் மென்பொருளே அனுமதிப்பதில்லை. அது மிகச் சரியான முடிவு.

குறுக்கீடு நேர்ந்தால், அவசரம் வந்தால்

உங்கள் தொடர்பின்மேல் வேறு முறையின் சிக்னல் வந்து விழுந்தால், முதலில் வடிகட்டியைக் குறுக்கியும் குறைப்பானைப் போட்டும் பாருங்கள். முடியாவிட்டால் மூன்று கிலோஹெர்ட்ஸ் நகருங்கள். குரலிலோ மோர்ஸிலோ என்றால் பணிவாகச் சொல்லலாம்; எஃப்டி8 நிலையத்தாரிடம் குரலில் சொல்லிப் பயனில்லை, அவருடைய ஒலிபெருக்கி பெரும்பாலும் அணைந்தே இருக்கும். அவருடைய அழைப்புக்குறியைத் திரையில் படித்து மின்னஞ்சலில் நேரமும் அலைவெண்ணும் குறிப்பிட்டு எழுதினால் பெரும்பாலும் நல்ல பதில் வருகிறது. வேண்டுமென்றே தொல்லை கொடுப்பவருக்கு ஒரு சொல்லும் பதில் சொல்லாதீர்கள். பல நாள் தொடரும் கடும் குறுக்கீட்டை, நாள், நேரம், அலைவெண், சிக்னலின் தன்மை ஆகிய குறிப்புகளோடு, இந்தியாவில் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்புக்கு எழுதலாம். 80 மீட்டரும் 160 மீட்டரும் நமக்கு மட்டுமான பட்டைகள் அல்ல, வேறு சேவைகளும் அங்கே உரிமையோடு இயங்குகின்றன என்பதால், கேட்பது எல்லாம் அத்துமீறல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

மூன்றாம் பகுதியில் அவசரத் தொடர்புக்கான மைய அலைவெண்கள் 80 மீட்டரில் 3600, 40 மீட்டரில் 7110. இவை எப்போதும் காலியாக வைத்திருக்க வேண்டியவை அல்ல. வழக்கமான நாளில் அங்கே பேசலாம். ஆனால் புயல் எச்சரிக்கை வந்துள்ள வேளையில் அங்கே அழைக்கும் முன் கூடுதலாக இரண்டு நிமிடம் கேளுங்கள். அவசர வலை (ஒரு நடத்துநரின் கீழ்ப் பல நிலையங்கள் செய்தி பரிமாறும் கூட்டு) இயங்கத் தொடங்கிவிட்டால் எந்த முறையினராக இருந்தாலும் இரு பக்கமும் ஐந்து கிலோஹெர்ட்ஸ் விலகிவிட வேண்டும். பேரிடர்ப் பகுதியில் இருப்பவர் வாகன மின்கலத்தில் ஓடும் சிறு கருவியோடும், மரக்கிளையில் கட்டிய கம்பியோடும் அழைத்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு மெல்லிய இரைச்சலாகக்கூடக் கேட்காத அவருடைய சிக்னலை வலையை நடத்துபவர் பெற்றுக்கொண்டிருப்பார். வலை முடிந்ததாக நடத்துநர் அறிவிக்கும் வரை அந்த இடத்துக்குத் திரும்பாதீர்கள். அறிவித்த பின்னும், தாமதமாக வரும் செய்தி ஏதேனும் உண்டா என்று ஒருமுறை கேட்டுவிட்டே அழையுங்கள்.